தூத்துக்குடியில் மேல்தண்ணீர் வடிகட்டிய கதை

அக்டோபர் 4, சனி, தூத்துக்குடி

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர், "சாமி, திருச்செந்தூர் பஸ் அந்தப் பக்கம் நிக்கும்" என்று கை காட்டினார். காவி வேட்டி கட்டிக்கொண்டு இந்த ஊரில் வந்து இறங்குகிறவன் வேறு எங்கே போகப்போகிறான்? ஆனால் நான் வந்தது கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் பொடியை எண்ணுவதற்கு. வேட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு, சொல்கிறேன்.

என் நண்பரின் மகள் இங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். மன்னார் வளைகுடாவில் மேல்தண்ணீரில் என்ன மிதக்கிறது, எவ்வளவு மிதக்கிறது என்பதுதான் விஷயம். வழக்கமாகக் கூடப் போகும் ஜூனியர் பையனுக்குக் காய்ச்சல். படகில் உட்கார்ந்து எண்களை எழுத ஓர் ஆள் வேண்டும். அவள் அப்பாவுக்குப் பரிசலில் ஏறினாலே வாந்தி வந்துவிடும். "மாமா, நீங்க கணக்கு பாக்குற ஆளு தானே, வந்து எழுதுங்க" என்றாள். நான் ஓய்வு பெற்ற தணிக்கைக்காரன். சரி என்றேன். மக்ரூன் ஆசையும் ஒரு காரணம், மறைப்பானேன்.

கிளம்பும் முன் போனில் ஒரு பட்டியல் சொன்னாள். பாலியஸ்டர் சட்டை கூடாது, டெர்ரிகாட்டன் கூடாது, கம்பளிக் குல்லா கூடவே கூடாது. சுத்தப் பருத்தி மட்டும். அதுவும் கடலில் சாதாரணமாகக் கிடைக்காத நிறமாக இருந்தால் நல்லது. மீன்பிடிக் கயிறும் வலையும் நீலம், பச்சை, வெள்ளை. அந்த நிறத்தில் நம் உடையிலிருந்து ஓர் இழை உதிர்ந்து மாதிரியில் விழுந்தால் எது கடலுடையது, எது நம்முடையது என்று கண்டுபிடிக்க முடியாது. காவி என்றால் பார்த்ததும் கழித்துவிடலாம். பழனிக்கு வாங்கி ஒரு முறை மட்டும் கட்டிய வேட்டி பீரோவில் இருந்தது.

இரவு சாப்பாடு பரோட்டாக் கடையில். இந்த ஊரில் ராத்திரிப் பரோட்டாக் கடைக்கு நைட் கிளப் என்று பெயர். வெளியூர்க்காரர் யாரிடமாவது "நேற்று நைட் கிளப் போனேன்" என்று சொல்லிப் பாருங்கள். பரோட்டா 15 ரூபாய், பொரித்தது 20. சால்னாவில் காரம் கொஞ்சம் கூடுதல், ஆனால் ஊற்றுகிற கையில் கஞ்சத்தனம் இல்லை. காவி வேட்டியோடு ஆம்லெட் கேட்டதும் பரிமாறிய பையன் ஒரு நொடி தயங்கினான், அப்புறம் "டபுளா சிங்கிளா சாமி?" என்றான்.

பார்சல் வாங்கியவர்களுக்குப் பரோட்டாவை வாழையிலையில் மடித்துத் தந்தார்கள், சால்னாவை மட்டும் கவரில் ஊற்றிச் சுழற்றி முடிச்சுப் போட்டார்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1ஆம் தேதி. நான் நின்ற கால் மணி நேரத்தில் எத்தனை கவர் போயிருக்கும் என்று எண்ணத் தொடங்கி, பழக்கதோஷம் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. பனிமய மாதா கோவில் மணி அடித்துக்கொண்டிருக்க, திரேஸ்புரம் கரையில் வல்லங்கள், அதாவது நாட்டுப் படகுகள், வரிசையாக நின்றன. காலை எட்டு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இந்த ஊர் வெயிலில் உப்பும் கலந்திருக்கிறது, முகத்தைத் துடைத்தால் எரிகிறது.

பக்கிள் ஓடை கடலில் சேருகிற இடத்தைக் காட்டக் கூட்டிப்போனாள். ஊரின் நடுவே ஓடி வரும் கழிவுநீர் கடைசியில் கலக்குமிடம். அங்கே நிற்கிறபோது ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை என்றுதான் தோன்றும்: பால் கவர், தெர்மாகோல், ஷாம்பு பாக்கெட், செருப்பு, எல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. "இது கண்ணுக்குத் தெரியுது மாமா, அதனால பிரச்சினை கம்மி" என்றாள். 5 மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பதுதான் மைக்ரோபிளாஸ்டிக். இந்தச் செருப்பும் கவரும் வெயிலில் காய்ந்து மொடமொடத்து, அலையில் அடிபட்டு நொறுங்கினால் அந்த அளவுக்கு வரும். அப்படி வந்த பிறகு யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது.

மத்தியானம் மொட்டை மாடியில் வலையைக் கழுவினோம். மாண்டா வலை என்கிறார்கள், மாண்டா என்பது பெரிய திருக்கை. செவ்வகமான உலோக வாய், இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி மிதவைகள், பின்னால் மூன்று மீட்டர் நீள வலைப் பை, அதன் நுனியில் கழற்றி மாட்டக்கூடிய ஒரு குடுவை. வலைக் கண் 333 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. வாய்க்குக் குறுக்கே ஒரு சின்ன விசிறி, தண்ணீர் எவ்வளவு உள்ளே போனது என்று எண்ணுவதற்கு. வாய் பாதி தண்ணீருக்குள்ளும் பாதி வெளியிலுமாகப் போகும். ஆகக் கடலின் மேல்தோல் மட்டும்தான் நமக்குக் கிடைக்கிறது. அதற்குக் கீழே உள்ளதைப் பற்றி இந்த வலைக்கு ஒன்றும் தெரியாது.

வலையைத் தொட்டுப் பார்த்தேன். நைலான்! பிளாஸ்டிக்கைப் பிடிக்க பிளாஸ்டிக் வலையா என்று கேட்டதற்கு, "அதனாலதான் வலையில இருந்தும் ஒரு துண்டு வெட்டி வெச்சிருக்கேன், ஒப்பிட்டுப் பாக்க" என்று பதில் வந்தது. இந்தப் பெண்ணைத் தணிக்கைத் துறை இழந்துவிட்டது.

இது ஒன்றும் புதிய சமாச்சாரமும் இல்லை. 1972லேயே கார்ப்பென்டர், ஸ்மித் என்று இரண்டு பேர் அட்லாண்டிக்கில் சர்காசோ கடலின் மேற்பரப்பில் பிளாஸ்டிக் துணுக்குகள் மிதப்பதை 'சயின்ஸ்' இதழில் எழுதிவிட்டார்கள். அவர்கள் மிதவை உயிர்களைப் பிடிக்கிற வலையில் தற்செயலாக மாட்டியது அது. பிறகு முப்பது வருஷம் பெரிதாக யாரும் கவலைப்படவில்லை. 2004இல் பிளிமத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்சனும் உடன் இருந்தவர்களும் எழுதிய கட்டுரைக்கு அப்புறம்தான் மைக்ரோபிளாஸ்டிக் என்ற சொல் பரவியது. அவர்கள் செய்த வேலை எனக்குப் பிடித்தது: கப்பல்களுக்குப் பின்னால் இழுத்துச் சேகரித்து 1960களிலிருந்து பத்திரமாக வைத்திருந்த பழைய மாதிரிகளை எடுத்து மறுபடி பார்த்தார்கள். பழைய பேரேட்டைத் தூக்கிப் போடாதவர்கள் இருந்ததால் நடந்த காரியம்.

அக்டோபர் 6, திங்கள், திரேஸ்புரம்

காலை ஐந்து மணி. டீ 12 ரூபாய், கண்ணாடி டம்ளர். கரையில் ஏலம் விடுகிற சத்தம். இருட்டில் மீன் கூடையோடு ஓடுகிறவர்கள் நம்மை இடித்துவிட்டு "பாத்துண்ணே" என்று நமக்கே புத்தி சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

வல்லத்துக்கு நாள் வாடகை 7,000 ரூபாய், டீசல் தனி. வல்லக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும், கூட உதவிக்கு அவர் மருமகன். மரப்படகு, வெளியே பைபர் பூச்சு, அதன் மேல் நீலமும் சிவப்பும். ஏறியதும் இவள் பையிலிருந்து பிளேடை எடுத்துப் படகின் விளிம்பில் சுரண்ட ஆரம்பித்தாள்.

"என்ன பாப்பா, போன மாசந்தான பெயிண்ட் அடிச்சேன்!"

"கொஞ்சூண்டுதான்ணே. உங்க பெயிண்ட் என் பாட்டில்ல விழுந்தா எனக்குத் தெரியணும்ல."

நீலம், சிவப்பு, கயிற்றில் ஒரு நூல், தார்ப்பாயில் ஒரு நுனி. ஒவ்வொன்றும் அலுமினியத் தாளில் மடித்து எண் போட்டாள். மருமகன் என்னிடம் ரகசியமாக, "அந்த அக்கா போலீஸா சாமி?" என்றான்.

துறைமுகத்தைத் தாண்டி, தீவுப் பக்கம் போகாமல் வெளியே நின்றோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து கடல்வாழ் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் கிட்டே போக முடியாது. வான் தீவு தூரத்தில் ஒரு கோடு மாதிரி தெரிந்தது. அலை அரித்து அரித்து முன்பு இருந்ததில் கொஞ்சம்தான் மிச்சம், அதைக் காப்பாற்றச் சுற்றிலும் செயற்கைப் பவளத்திட்டுகள் இறக்கியிருக்கிறார்கள்.

வலையைப் படகின் பின்னால் இழுக்கக்கூடாது. இஞ்சின் கலக்கிய தண்ணீர் அங்கே வரும். மூங்கில் கழியைப் பக்கவாட்டில் நீட்டிக் கட்டி, அதிலிருந்து வலையைத் தள்ளி விட்டார்கள். வேகம் இரண்டு நாட், அதாவது மணிக்கு இரண்டு கடல் மைல். அரை மணி நேரம் இழுத்தால் சரியாக ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். வலை வாயின் அகலம் 60 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் சுமார் 1,100 சதுர மீட்டர் கடலைத் துடைத்து எடுக்கிறோம். வல்லக்காரருக்கு இரண்டு நாட் என்பது அவமானம். "இதுக்கு நடந்தே போலாம்" என்றார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம், காற்றின் வேகம், விசிறி மீட்டர் எண், எல்லாவற்றையும் எழுதினேன். பேனாவும் பிளாஸ்டிக் என்பதால் பென்சில்.

முதல் இழுவை முடிந்து வலையைத் தூக்கி, வெளிப்பக்கத்திலிருந்து கடல்நீர் ஊற்றி எல்லாவற்றையும் நுனிக் குடுவைக்கு இறக்கி, அதை எஃகுச் சல்லடையில் கொட்டினாள். நான் பார்த்த வரை பச்சையாக ஒரு கூழ், இரண்டு சின்ன நண்டுக் குஞ்சு, ஒரு இறகு, மீன் முட்டை போல ஏதோ. பிளாஸ்டிக்கே இல்லையே என்றேன். லென்ஸைக் கொடுத்தாள். கூழுக்குள் வெள்ளையாக ஒரு தகடு, கயிற்றுத் துணுக்கு, பொடிப்பொடியாகச் சிவப்பு. அப்புறம் பார்க்கப் பார்க்க வந்துகொண்டே இருந்தது.

இரண்டாவது இழுவை பாதியில் கச்சான் எழுந்தது. மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, அக்டோபரில் ஓய்ந்துவிட வேண்டும் என்பது வழக்கம். அலை நுனியில் வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்ததும், "போதும்ணே, வலையைத் தூக்கிருங்க" என்றாள். படகு ஆடுவதற்காக என்று நினைத்தேன் (எனக்கு ஏற்கெனவே காலை டீ தொண்டை வரை வந்திருந்தது). காரணம் வேறு. காற்று கூடினால் மிதக்கிற துகள்கள் அலையோடு கலந்து பல மீட்டர் கீழே போய்விடும். மேலே வலை போட்டால் குறைவாகத்தான் கிடைக்கும். காகிதத்தில் கடல் சுத்தம் என்று பதிவாகும், ஆனால் பொருள் கீழே இருக்கும். 2012இல் குகுல்கா என்பவரும் சகாக்களும் இதைக் கணக்கிட்டு, காற்றடிக்கும் நாளில் எடுத்த எண்ணிக்கையைத் திருத்துவதற்கு ஒரு சூத்திரமே கொடுத்திருக்கிறார்கள். திருத்துவதற்குப் பதில் காற்றில்லாத நாளில் எடுப்பது நல்லது என்பது இவள் கட்சி.

7,000 ரூபாய்க்கு ஒன்றரை இழுவை. வல்லக்காரர் வாடகையில் 1,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். கேட்கவே இல்லை நாங்கள். "காத்துக்கு நீங்க என்ன செய்வீங்க" என்றார்.

அக்டோபர் 7, செவ்வாய், புன்னைக்காயல் முகத்துவாரம்

இன்று கடல் படுத்துக் கிடந்தது.

பொதிகையில் பிறந்து 128 கிலோமீட்டர் ஓடி வரும் தாமிரபரணி இங்கேதான் கடலில் சேர்கிறது. ஆற்று வாயிலிருந்து வெளியே போகப் போக எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று பார்க்க நேர்கோட்டில் வரிசையாக இழுவைகள். முதல் இரண்டில் பாசியும் ஆகாயத்தாமரை இலையும் வந்தன. அடுத்ததில் வலை கனத்தது. தூக்கினால் பை முழுக்கப் பச்சைக் கஞ்சி.

"பூங்கோரை" என்றார் வல்லக்காரர், முகத்தைச் சுளித்தபடி. செப்டம்பர், அக்டோபரில் கடலில் படரும் ஒரு நுண்ணுயிர், நாக்டிலூகா என்பது அதன் அறிவியல் பெயர். 2019இல் மண்டபம் பக்கம் இது மொய்த்தபோது மீன்கள் செத்து ஒதுங்கின. எங்களுக்கு வேறு தொல்லை: வலைக் கண்ணை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே போகாமல் வாயிலேயே திரும்பிவிடும், விசிறியும் சரியாகச் சுற்றாது. அந்த இழுவையை நோட்டில் சாய்கோடு போட்டு அடிக்கச் சொன்னாள். அடிக்கும்போது கை கொஞ்சம் கூசியது, வெயிலில் ஒன்றே கால் மணி நேர வேலை. கூடவே ஒரு சொறி (ஜெல்லி மீன்) வேறு வலையோடு வந்து மருமகன் முழங்கையில் உரசி, தடித்துச் சிவந்துவிட்டது. அவன் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல் கடல்தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டான்.

கொஞ்சம் தள்ளிப் போனதும் தண்ணீர் மேல் நீளநீளமாக நுரைக்கோடுகள். இளங்காற்று அடிக்கும்போது மேல்தண்ணீர் சுருள் சுருளாகப் புரண்டு, இரண்டு சுருள் சந்திக்கிற இடத்தில் மிதப்பதையெல்லாம் ஒதுக்கிவிடும். வல்லக்காரர் உடனே படகை அந்தக் கோட்டின் மேலேயே விட்டார். "குப்பை எங்க கிடக்கும்னு எனக்குத் தெரியாதா? மீனும் அதுக்கு அடியிலதான் நிக்கும்." அவருக்கு எங்களுக்கு நிறையப் பிடித்துக்கொடுக்க வேண்டும் என்று ஆசை. மீன் பிடிக்கிறவரிடம் போய், நிறையக் கிடைக்கிற இடமாகப் பார்த்து வலை போடாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? அவள் சொன்னாள். கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போங்கள், கோட்டோடு போகாதீர்கள். ரொம்ப நேரம் அவர் பேசவில்லை.

சாப்பாட்டு வேளையில் சமாதானம் ஆகிவிட்டது. ஸ்டவ்வில் சாளைக் குழம்பு: புளி, மிளகாய்த்தூள், சின்ன வெங்காயம், தேங்காய் கிடையாது, கடைசியில் பச்சை எண்ணெய் ஒரு சுற்று. மீனைப் பக்கத்து வல்லத்திலிருந்து சத்தம் போட்டுக் கேட்டு வாங்கினார், காசு கொடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. சோற்றை அலுமினியத் தட்டில் போட்டு முதலில் எனக்கு நீட்டினார். நான் சாப்பிட்ட மீன் குழம்புகளில் இதற்கு மேலே ஒன்று இருந்ததாக நினைவில்லை. வயிற்றுக்குள் சாளை போனபிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: "இந்த மீன் வவுத்துலயும் அது இருக்குமா பாப்பா?"

இருக்கும் என்றாள். சாளையின் குடலை எடுத்துவிட்டுத்தானே சமைக்கிறோம், அதோடு பெரும்பகுதி போய்விடும் என்றும் சொன்னாள். நெத்திலியை அப்படியே தின்கிறோமே என்றார் அவர். அதற்கு அவளிடம் சட்டென்று பதில் இல்லை.

அப்புறம் பேச்சு கப்பல்களுக்குப் போனது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து ஜூனில் மூழ்கியபோது சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை அதில் இருந்தது. குருணை என்றால் தொழிற்சாலையில் உருக்கி வாளியும் குடமும் வார்க்கிற மூலப்பொருள், பருப்பு அளவில் வெள்ளை மணிகள். 2025 மே 25ஆம் தேதி கொச்சிக்கு அருகே எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோதும் அதே மணிகள் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் மூட்டையோடும் உதிரியாகவும் ஒதுங்கின. "எங்க மச்சான் ஊர்ல பிள்ளைங்க அள்ளி விளையாடுச்சு" என்றார். நொறுங்கி உண்டாவது ஒரு ரகம், இப்படி உருட்டிச் செய்ததே சின்னதாக இருப்பது இன்னொரு ரகம். எங்கள் சல்லடையில் இன்று மணி எதுவும் தென்படவில்லை.

திரும்பும் வழியில் ஒரு வேலை மிச்சமிருந்தது. வலையைப் போடாமல் எஃகு வாளியில் வெறும் கடல்நீர் மொண்டு கண்ணாடிப் பாட்டில்களில் நிரப்பினாள். துணியிலிருந்து உதிரும் இழை 333 மைக்ரான் கண் வழியே நழுவிவிடும். வாளித் தண்ணீரை மெல்லிய வடிதாளில் வடிகட்டினால் வலையில் கிடைப்பதைவிடப் பல மடங்கு எண்ணிக்கை வரும், அதில் பெரும்பாலும் இழைகள்தானாம். ஆக, எதனால் அள்ளுகிறோமோ அதற்குத் தகுந்த கடல்.

இரவு தூக்கம் வரவில்லை, முதுகெல்லாம் வெயில் எரிச்சல். அவள் அனுப்பிய கட்டுரைகளில் இரண்டு எண்களை நோட்டில் எழுதிப் பார்த்தேன். 2014இல் எரிக்சன் குழு உலகக் கடல்களின் மேற்பரப்பில் மிதப்பதை மதிப்பிட்டது: 5.25 லட்சம் கோடி துண்டுகள், எடை சுமார் 2.69 லட்சம் டன். 2015இல் ஜாம்பெக் குழு, நிலத்திலிருந்து கடலுக்குள் போவதை மதிப்பிட்டது: 2010ஆம் ஆண்டில் மட்டும் 48 லட்சம் முதல் 127 லட்சம் டன் வரை. ஒரே ஒரு வருஷத்து வரவு இருப்பைப்போல் பதினேழு மடங்குக்குக் குறையவில்லை! எந்தக் கம்பெனிப் பேரேட்டில் இப்படிப் பார்த்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன். மிச்சம் எங்கே? பி.இ.டி. பாட்டில், பி.வி.சி., நைலான் எல்லாம் கடல்நீரைவிடக் கனம், நேரே அடிக்குப் போகும். பாலிஎதிலீனும் பாலிபுரோப்பிலீனும் மிதக்கும், ஆனால் மேலே பாசியும் சிப்பியும் ஒட்டிக் கனம் ஏறினால் அவையும் இறங்கும். கரையில் ஒதுங்கியது, மணலில் புதைந்தது, வலைக் கண்ணில் நழுவியது, எதன் வயிற்றிலோ இருப்பது. மேற்பரப்பை மட்டும் எண்ணுவது கல்லாவை எண்ணிவிட்டுக் குடோனைப் பூட்டியே வைத்திருப்பது போலத்தான். ஆனால் கல்லாவையாவது எண்ணித்தானே ஆக வேண்டும்.

அக்டோபர் 8, புதன்

விடியற்காலையிலேயே கச்சான். கடல் பயணம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தோம். ஏசி போடக்கூடாது, மின்விசிறி போடக்கூடாது, காற்றில் இழை பறக்கும். தூத்துக்குடியில் அக்டோபர் மாதம் ஜன்னலையும் சாத்திவிட்டு விசிறி இல்லாமல் இருப்பது எப்படி என்று நான் எழுத வேண்டியதில்லை. போதாததற்குத் தங்கியிருந்த விடுதியில் காலையில் தண்ணீர் வரவில்லை. கேட்டால் "மோட்டர் சூடா இருக்கு சார்" என்றார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

நேற்றைய கூழில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, கொஞ்சம் இரும்பு உப்பும் சேர்த்துச் சூடாக்கினாள். நண்டும் முட்டையும் பாசியும் நுரைத்துக் கரைந்து போயின, பிளாஸ்டிக் அப்படியே நின்றது. அடுத்தது அடர்த்தியான உப்புக் கரைசல். பிளாஸ்டிக் மேலே மிதக்கும், மணல் அடியில் தங்கும். உப்பளங்களின் ஊர், உப்புக்கு என்ன பஞ்சம் என்றேன். இந்த ஊர் உப்பிலேயே மைக்ரோபிளாஸ்டிக் இருப்பதை ஆய்வாளர்கள் ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறார்கள், அதனால் கரைசலைப் போட்டவுடன் முதலில் அதை வடிகட்ட வேண்டும் என்றாள். எதைத் தொட்டாலும் இதே கதை. வடிகட்டப் பயன்படுத்தும் தண்ணீரையும் வடிகட்டுகிறார்கள்.

மைக்ரோஸ்கோப்பில் சந்தேகமான துணுக்கை ஊசியைக் காய்ச்சி மெல்லத் தொடுவாள். உருகினால் அல்லது சுருண்டால் பிளாஸ்டிக். பார்க்க எளிதாகத் தெரிகிறது, நான் முயன்றதில் ஒன்று ஊசியோடு ஒட்டிக்கொண்டு காணாமலே போனது. இதற்கப்புறம் அகச்சிவப்புக் கதிர்க் கருவியில் வைத்துத்தான் இன்ன பிளாஸ்டிக் என்று உறுதி செய்ய முடியும். அந்தக் கருவிக்கு வரிசை நீளம், மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் வேறு.

படகில் இரண்டு நாளும் மூடி திறந்தபடி ஒரு தட்டில் ஈர வடிதாள் வைத்திருந்தாள். கடலிலிருந்து எதுவும் அதில் போடவில்லை. எங்களிடமிருந்து என்ன விழுகிறது என்று பார்க்க. அதையும் மைக்ரோஸ்கோப்பில் வைத்தோம். நீல இழைகள் சில. சிவப்புப் பொடி. நடுவில் கம்பீரமாக ஒரு காவி இழை. "மாமா, நீங்க!" என்று குதித்தாள். அவளுக்கு ஏக சந்தோஷம், என்னைக் கழித்துவிட முடிந்ததில்.

அக்டோபர் 9, வியாழன்

மக்ரூன் கால் கிலோ 250 ரூபாய். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் மட்டுமே, வாயில் வைத்தால் பல்லுக்கு வேலை இல்லை. கடைக்காரர் அட்டைப் பெட்டியில் போட்டு, ஈரக்காற்று பட்டால் நமுத்துவிடும் என்று மேலே ஒரு பிளாஸ்டிக் கவர் சுற்றினார். வேண்டாம் அண்ணாச்சி என்றேன். "அப்பம் சாத்தூர் தாண்டுறதுக்குள்ள தின்னு முடிச்சிருங்க" என்றார். கோவில்பட்டியிலேயே முடிந்துவிட்டது. வீட்டில் அதற்கு வாங்கியது தனிக் கதை.

பின்சேர்க்கை, நவம்பர் கடைசி வாரம்

கருவியில் முறை கிடைத்துவிட்டது என்று போன் செய்தாள். மிதந்தவற்றில் பெரும்பகுதி பாலிஎதிலீனும் பாலிபுரோப்பிலீனும், எதிர்பார்த்ததுதான். கிட்டத்தட்ட எல்லா இழுவையிலும் வந்த சிவப்புப் பொடி, அன்று பிளேடால் சுரண்டிய வல்லத்துப் பெயிண்டோடு அச்சு அசலாகப் பொருந்திவிட்டது. எனவே சிவப்பு முழுவதையும் கணக்கிலிருந்து கழித்துவிட்டாள். ஆய்வுக்கு அது சரி. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை: அவளுடைய அட்டவணையில் கழித்துவிட்டாலும் அந்தப் பெயிண்ட் கடலில் விழுந்தது விழுந்ததுதானே, திரேஸ்புரத்தில் மட்டும் எத்தனை வல்லம் நிற்கிறது? அதைத் தனி ஆய்வாகவே யாராவது செய்யலாம் மாமா, ஆனா நான் இல்லை, எனக்கு ஆய்வேட்டை முடிக்க வேண்டும் என்றாள்.

வல்லக்காரரிடமும் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, அடுத்த முறை சுரண்டுவதற்கும் சேர்த்து என்று வாடகையை 7,500 ஆக்கிவிட்டார். பிப்ரவரியில் போகிறார்கள், ஜூனியர் பையன் தேறிவிட்டானாம்.